கிளியர் கோட்: பாடக் குறிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

ஐடிஐ ஆசிரியர், சேலம் (வியாழன் காலை)

குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் "கோடையில் கார் வண்ணத்தைக் காப்பது" என்று ஒரு சிறு குறிப்பேடு மாணவர் கையில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. எழுதி முடித்துவிட்டேன், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது: கிளியர் கோட்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்க மின்முறையில் படியவைக்கும் அடிப்படலம் இருக்கும். அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே கலக்காத கிளியர். எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான்.

பையன்கள் "பெயிண்ட் வெளுத்துப்போச்சு சார்" என்கிறார்கள். வகுப்பில் கழற்றிப் போட்ட சிவப்பு பானெட் ஒன்று இருக்கிறது. நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை, திட்டின் ஓரத்தில் மெல்லிய தோல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நகத்தால் நெம்பினால் கண்ணாடித்தாள் மாதிரி உரிகிறது. அந்தத் தோல்தான் கிளியர் என்று காட்டினால்தான் நம்புகிறார்கள். அப்படி ஒரு படலம் இருப்பதே பெயரில்லாததால் அவர்கள் மனத்தில் பதிவதில்லை. "தெளிபூச்சு" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை (வியாழன் மதியம்)

நல்ல கேள்வி. கார் உரிமையாளர் கையேடுகளை மொழிபெயர்க்கும்போது நானும் இங்கேதான் தடுக்கி நிற்பேன். "ஒளிபுகு பூச்சு" என்று போடலாமே? ஒளிபுகும் பொருள், ஒளிபுகாப் பொருள் என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேதியியல் பேராசிரியை (ஓய்வு), திருச்சி (வியாழன் மாலை)

> "ஒளிபுகு பூச்சு" என்று போடலாமே?

வேண்டாம் தம்பி. இந்தப் படலத்தின் வேலையே ஒளியில் ஒரு பகுதியைப் புகவிடாமல் செய்வது. கண்ணுக்குத் தெரியும் ஒளி உள்ளே போய் நிறத்தில் பட்டுத் திரும்ப வேண்டும், புற ஊதா அங்கேயே நிற்க வேண்டும். அதற்காகவே கிளியரில் இரண்டு வகைப் பொருள்களைக் கலக்கிறார்கள். ஒன்று, புற ஊதாவை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும். மற்றது அமீன் வகை நிலைப்படுத்தி. உறிஞ்சியதுபோக மிச்சமுள்ள கதிர், படலத்தின் உடலாக இருக்கும் பிசினின் பிணைப்பை உடைத்துத் தனி உறுப்புகளை (சுற்றியுள்ளதை மேலும் சிதைக்கும் துண்டுகளை) உண்டாக்கும்போது அவற்றைப் பிடித்து அடக்கும். ஆண்டுகள் போகப் போக இவை தீர்ந்துபோகும். அப்புறம் பிசின் ஆக்சிஜனேற்றம் அடைந்து மங்கி, வெடித்து, ஆசிரியர் சொன்ன மாதிரி தோலாகத் தூக்கும்.

"ஒளிபுகு" என்று பெயர் வைத்தால் மாணவன் நேர் எதிராகப் புரிந்துகொள்வான். பொருளின் இயல்பைப் பார்த்தால் இது நிறமி சேராத பிசின். ஆகவே "நிறமிலிப் பூச்சு" என்பது என் முன்மொழிவு.

புலவர், தஞ்சாவூர் (வியாழன் இரவு)

அன்பர்களே, இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பானேன்? இருப்பதைச் சொல்லத் தமிழில் பழைய சொல் உண்டு: பளிங்கு. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்று 706ஆம் குறளில் வள்ளுவர் சொல்வது இதன் வேலையைத்தானே! தனக்கு நிறமில்லை, அடுத்திருப்பதன் நிறத்தைக் காட்டும். மணிமேகலை உவவனத்துப் பளிக்கறைக்குள் புகுந்தபோது அவளைத் தேடி வந்த இளவரசன் உதயகுமரனுக்கு அவள் உருவம் வெளியே தெரிந்தது. ஆனால் அறை அவளைக் காத்தது. காட்டவும் வேண்டும், காக்கவும் வேண்டும் என்கிற இரண்டும் அந்த அறையில் இருக்கின்றன. "பளிங்குப் பூச்சு" என்று துணிந்து எழுதுங்கள்.

"தெளிபூச்சு" பற்றி ஒரு சொல். அது வினைத்தொகை. ஆகவே வல்லினம் மிகாது. ஆசிரியர் "தெளிப்பூச்சு" என்று எழுதாமல் விட்டது நன்று. ஆனால் தெளி என்னும் வினைக்குத் தெளிவது, தெளிப்பது என இரண்டு பொருள். வாசல் தெளித்தாள் என்கிறோம். துப்பாக்கிபோன்ற கருவியால் பீய்ச்சி அடிக்கும் எல்லாப் பூச்சும் தெளிபூச்சுதான் என்று ஒருவன் வாதிட்டால் என்ன மறுமொழி சொல்வீர்கள்? தெள் என்னும் அடியிலிருந்து தெண்ணீர், தெண்கடல் வந்ததுபோல் செய்யலாம் என்றால் "தெட்பூச்சு" என்று முடியும்; அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

பட்டறை, கோயம்புத்தூர் (வெள்ளி காலை)

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். நான் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறேன், படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு.

பளிங்கு என்றால் எங்கள் பையன்களுக்குத் தரையில் பதிக்கிற கல். பளிங்குப் பூச்சு என்றால் வீட்டுத் தரைக்கு ஏதோ பாலிஷ் என்று நினைப்பார்கள். நிறமிலி என்றால் "நிறமில்லாத பெயிண்டை எதுக்கு அண்ணே அடிக்கணும்" என்று கேட்பான். கிளியரிலேயே லேசாகச் சாயம் கலந்து அடிக்கிற வேலையும் இருக்கிறது, அதையும் நிறமிலி என்று சொல்ல முடியாது.

பட்டறையில் அது "கிளியர்", அவ்வளவுதான். டிங்கரிங் (ஒடுக்கெடுப்பது), பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), பிரைமர், கலர், கிளியர், கம்பவுண்டு (தேய்த்து மினுக்கும் பசை). இந்த வரிசையில் ஒன்றை மாற்றினாலும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடியாது. தமிழ்ச் சொல் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் கிளியர் என்பதையும் போடுங்கள்.

புலவர், தஞ்சாவூர் (வெள்ளி காலை)

> டிங்கரிங், பட்டி, பிரைமர்

பட்டறைத் தம்பி சொன்னதில் "பட்டி" நல்ல தமிழ். பட்டையாக இழுத்துப் பூசுவதால் பட்டி. பட்டயம், பட்டம், பட்டை எல்லாம் ஒரே வேர். தட்டையாதல் என்னும் பொருள் இவை அனைத்திலும் ஓடுகிறது. இதுபோல் நம் தொழிலாளர் வாயில் தமிழ் தானே பிழைத்துக்கொள்கிறது. கிளியரை மட்டும் ஏன் விட வேண்டும்?

பேராசிரியை, திருச்சி (வெள்ளி மதியம்)

புலவர் ஐயா, பட்டி ஆங்கிலப் புட்டி. அது பிரெஞ்சு மொழியின் பொத்தே என்னும் சொல்லிலிருந்து வந்தது. நம் வாயில் பட்டியாக அமர்ந்தது அழகுதான், ஆனால் வேர் பட்டை அல்ல. இதை இத்தோடு விட்டுவிடுவோம்; ஆசிரியருக்குத் திங்கட்கிழமை கெடு.

பட்டறைத் தம்பி சொன்ன மறுப்பை ஏற்கிறேன். நிறமிலியை விலக்கிக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை (வெள்ளி மதியம்)

அப்படியானால் "மெருகுப் பூச்சு"? வார்னிஷுக்கு மெருகெண்ணெய் என்று அகராதியில் இருக்கிறது. மெருகு எல்லோருக்கும் தெரிந்த சொல். "மேற்பூச்சு", "காப்புப் பூச்சு" ஆகியவற்றையும் பார்த்தேன். மேற்பூச்சு என்றால் வெளிவேஷம் என்கிற பொருள் ஒட்டிக்கொள்கிறது. காப்பு என்றால் துருவிலிருந்து காக்கும் அடிப்படலமும் காப்புதான்.

பட்டறை, கோயம்புத்தூர் (வெள்ளி மாலை)

மேட் பினிஷ் வண்டிக்கும் கிளியர் உண்டு சார், மினுங்காத கிளியர். மெருகு என்று பெயர் வைத்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். மெருகு ஏற்றுவதற்கு நாங்கள் பாலிஷ் போடுகிறோமே, அது வேறு வேலை. மங்கிய கிளியரைக் கம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் மேலே செத்த பகுதி போய் மறுபடி மினுங்கும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கிளியர் சில மைக்ரான் குறைகிறது. வருஷா வருஷம் தேய்க்கச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மெருகுதான் கிளியர் என்று படித்த பையன் சந்தோஷமாகத் தேய்த்துக் கொடுப்பான். தோல் உரிய ஆரம்பித்த பிறகு எந்தப் பாலிஷும் மெழுகும் உதவாது. அந்தப் பகுதியை உப்புத்தாள் போட்டு இழைத்து, மறுபடி கலரும் கிளியரும் அடிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. ஆசிரியர் வண்டியைப் பார்த்தவுடன் கிளியர் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வழியைக் குறிப்பில் போடட்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்தால், துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் இல்லை. நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. கிளியர் இல்லாத பழைய வெள்ளை வண்டிக் கதவில் விரலை இழுத்தாலே மாவு மாதிரி ஒட்டும். அதை நாங்கள் "பூத்துப்போச்சு" என்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் (வெள்ளி இரவு)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு குறிப்புகள். நாங்கள் படித்த பாடநூல்களில் புற ஊதாவைக் கழியூதாக் கதிர் என்றும், ஆக்சிஜனேற்றத்தை ஒட்சியேற்றம் என்றும் எழுதுவோம். ஆசிரியரின் குறிப்பு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படலாம். ஓரிடத்திலாவது இவற்றையும் சேர்த்தால் நன்றி உடையவனாவேன்.

பட்டறை அண்ணை சொன்ன "பூத்துப்போச்சு" எனக்கு மிகவும் பிடித்தது. அதுக்குக் கலைச்சொல் வேண்டாமா?

புலவர், தஞ்சாவூர் (வெள்ளி இரவு)

கழியூதா! அருமை. "சால உறு தவ நனி கூர் கழி மிகல்" என்னும் நன்னூல் நூற்பாவில் வரும் கழி, மிகுதிப் பொருள் உணர்த்தும் உரிச்சொல். ஊதாவைக் கடந்து மிக்கது கழியூதா. "புற" என்பது வெறும் இடத்தைச் சொல்கிறது. "கழி" அளவைச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊதா என்பது உருதுவிலிருந்து வந்தது என்பது மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. கத்திரிப்பூ நிறம் என்று நம் பெண்கள் புடவைக்குச் சொல்வார்கள். "கழிகத்திரி" என்று செய்ய இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். கத்திரி வெயிலுக்கும் பொருந்தும்.

பூத்துப்போதலுக்குச் சொல் கையிலேயே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்கிறோம். "நீறுபூத்தல்" என்று வையுங்கள். நீறு என்றால் சாம்பல், சுண்ணாம்புப் பொடியும் நீறுதான்.

பேராசிரியை, திருச்சி (சனி காலை)

நீறுபூத்தல் மிகப் பொருத்தம், ஐயா. நடப்பதும் அதுதான்: வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, புற ஊதா படும்போது சுற்றியுள்ள பிசின் சிதைவதை விரைவாக்கும். பிசின் போனபின் நிறமித் துகள் பிடிப்பில்லாமல் மேலே பொடியாக நிற்கிறது. விரலில் ஒட்டும் மாவு அந்த நிறமி. பட்டறைச் சொல்லும் பழஞ்சொல்லும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் பையன்கள் மறுப்பேதும் சொல்லாமல் எடுத்துக்கொள்வார்கள்.

கழிகத்திரி வேண்டாம். புற ஊதா பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் ஊன்றிவிட்டது. அதைப் பிடுங்கினால் மாணவனுக்குத்தான் நட்டம். கழியூதாவை அடிக்குறிப்பில் கொடுப்பது நியாயமான கோரிக்கை.

கிளியருக்கு வருவோம். தெளிப்பது என்னும் பொருளும் வருகிறதே என்று ஐயா சொன்னது உண்மை. ஆனால் தெளிநீர், தெளிவானம் என்று பழகிய காதுக்குத் தெளிபூச்சு முதலில் தெளிவைத்தான் தரும். பீய்ச்சி அடிப்பது என்னும் பொருள் வந்தாலும் கெட்டுப்போகாது, அப்படித்தானே அடிக்கிறார்கள். வேலையைச் சொல்லவில்லை என்பது ஒரு குறைதான். வேலையைச் சொல்லும் சொற்கள் எல்லாம் வேறெங்கோ போய் முட்டுவதை இரண்டு நாளாகப் பார்த்துவிட்டோம். என் வாக்கு தெளிபூச்சுக்கு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை (சனி காலை)

எனக்கும் தெளிபூச்சு சம்மதம். கையேடுகளில் இனி இதையே போடுகிறேன். காரை மகிழுந்து என்பதா சீருந்து என்பதா என்று யாரும் இப்போது தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் (சனி மதியம்)

தெளிபூச்சு எங்களுக்கும் விளங்கும்.

ஐடிஐ ஆசிரியர், சேலம் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தலைப்புகளில் "தெளிபூச்சு", முதலில் வரும் இடத்தில் "பட்டறை வழக்கில் கிளியர்" என்று சேர்த்திருக்கிறேன். பிறகு வரும் இடங்களில் இரண்டும் கலந்தே வரும். நீறுபூத்தலுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன், துணித் தேர்வும் அதில் இருக்கிறது. கழியூதா, ஒட்சியேற்றம் இரண்டும் அடிக்குறிப்பில்.

மற்றபடி உள்ளடக்கம் இதுதான்: நிழலில் நிறுத்துவதே முதல் காப்பு, ஆனால் பிசின் சொட்டும் மரத்தடியில் வேண்டாம். கொதிக்கும் தகட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வட்டம் வட்டமாகக் காய்ந்து பிடிக்கும்; காலையில் தகடு ஆறியிருக்கும்போது கழுவுங்கள். தூசியோடு உறை போட்டு மூடினால் காற்றில் உறையே தேய்த்துக் கீறும். கார்னோபா மெழுகு சில வாரம், மிஞ்சினால் சில மாதம் நிற்கும், ஆகவே கோடைக்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. செராமிக் பூச்சு அடித்தாலும் வெயிலில் தகடு சுடுவது சுடும்.

புலவர், தஞ்சாவூர் (ஞாயிறு இரவு)

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன். ஆனால் பளிங்குப் பூச்சு என்னும் என் முன்மொழிவைத் தொகுப்பில் பதிந்துவையுங்கள். தரைக்கல்லுக்குப் போன சொல்லை மீட்க யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும் "தெளிப்பூச்சு" என்று அச்சகத்தில் ஒற்றுப் போட்டுவிடாமல் மெய்ப்புப் பார்க்கும்போது கவனியுங்கள்.

பட்டறை, கோயம்புத்தூர் (திங்கள் காலை)

சார், அச்சுக்குப் போவதற்குள் ஒன்று சேர்க்க முடியுமா? பறவை எச்சத்தை விட்டுவிட்டீர்கள். வெயிலில் கிளியர் சூடேறி இளகியிருக்கும்போது எச்சம் விழுந்து காய்ந்தால், மாலையில் ஆறும்போது கிளியர் அந்த வடிவத்திலேயே இறுகித் தடம் விழுந்துவிடும். உடனே எடுக்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது, ஈரத் துணியைச் சற்று நேரம் மேலே போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுக்க வேண்டும். கோடையில் என் பட்டறைக்கு வரும் மேற்கூரை வேலையில் பெரும்பாலானவை இதனால்தான்.

ஐடிஐ ஆசிரியர், சேலம் (திங்கள் காலை)

சேர்த்துவிட்டேன். அச்சகத்துக்குக் கிளம்புகிறேன்.