500 வெள்ளிக்குள் நாற்காலி: புதியதா, பழையதா, அல்லது முதலில் மேசையா?

வளர்மதி, நிபோங் திபால்:
அனைவருக்கும் வணக்கம். பினாங்குத் தீவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்து வருகிறேன். காலையில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தால் மாலை வரை, அந்த மேசையோடு வந்த மர நாற்காலியில்தான் இருக்கிறேன். இப்போது இடுப்பின் கீழ்ப்பகுதியும் வலது தோளும் விடாமல் வலிக்கின்றன. என்னால் 500 வெள்ளிக்கு மேல் செலவிட இயலாது. ஷாப்பியில் 300 வெள்ளிக்குக் கிடைக்கும் கேமிங் நாற்காலியை எங்கள் தாமானில் சிலர் வாங்கியிருக்கிறார்கள். என் உயரம் 150 செ.மீ. அதை வாங்கலாமா?

செல்வமணி:
தங்கை, அதை வாங்க வேண்டாம். தோல் போலத் தெரிவது துணியின்மேல் பூசிய பாலியூரித்தேன் படலம்தான். நம் ஊரின் வெப்பமும் ஈரப்பதமும் அந்தப் படலத்தின் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடுவதால், சில ஆண்டுகளிலேயே கருஞ்செதில்கள் உதிர்ந்து வியர்த்த முதுகிலும் டைல்ஸ் தரையிலும் ஒட்டிக்கொள்ளும். அதன் உருவமும் பந்தயக் காரின் இருக்கையைப் பார்த்துச் செய்தது. தோளருகே முன்னோக்கி வளைந்த பக்கங்கள், தட்டச்சு செய்பவருடைய கைகளை நெருக்குமே தவிர உதவா. உங்களுக்கு வேண்டியது வலைத்துணி முதுகு, நிமிர்ந்து பிடிக்கும் சாய்மானம், எழுத்தில் உத்தரவாதம் ஆகிய மூன்றும் உள்ள புதிய நாற்காலி. பத்து காவானில் உள்ள ஐக்கியா உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நேரில் உட்கார்ந்து பார்க்கலாம். அங்குள்ள மார்க்குஸ் நாற்காலிக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இன்னும் கொஞ்சம் சேமித்து அதையே வாங்குங்கள்.

பாலு, சிம்பாங் அம்பாட்:
அண்ணன் சொல்லும் முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க இயலவில்லை. மார்க்குஸின் இருக்கை 46 செ.மீ.க்குக் கீழே இறங்காது. அலுவலக நாற்காலிகளின் அளவுகள் காலணி அணிந்தவரை எண்ணி வகுக்கப்பட்டவை. நாமோ வீட்டுக்குள் வெறுங்காலுடன் இருக்கிறோம். 150 செ.மீ. உயரமுள்ள ஒருவர் அதில் அமர்ந்தால் பாதம் தொங்கும், தொடையின் அடிப்பகுதியை இருக்கையின் விளிம்பு அழுத்தும், அதைத் தவிர்க்க முன்னே நகர்ந்து விளிம்பில் உட்காருவார், அப்புறம் முதுகுச் சாய்மானம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். அந்த விலை தரவே வேண்டாம். பாயான் லெப்பாஸ் பக்கம் அலுவலகங்கள் இடம் மாறும்போது நல்ல நிறுவனத் தயாரிப்புகளை அங்குள்ள பழைய தளவாடக் கடைக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கைப்பிடி, இருக்கையின் ஆழம், சாய்வின் இறுக்கம் எல்லாவற்றையும் மாற்றக்கூடிய நாற்காலி 500 வெள்ளிக்குள் அப்படித்தான் கிடைக்கும்.

செல்வமணி:
பழைய நாற்காலியின் துணி மடிப்புக்குள் மூட்டைப்பூச்சி இருந்தால் வீடு முழுவதும் மருந்தடிக்க நேரும். பஞ்சு எத்தனை ஆண்டு நசுங்கியது என்பதும் தெரியாது. உயரத்தைப் பற்றி: சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. இருக்கும். இருக்கையைத் தாழ்த்திவிட்டு அந்த மேசையில் தட்டச்சு செய்தால் தோள் காதுவரை ஏறும். அவருடைய வலது தோள் வலிப்பதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். ஆகவே இருக்கை உயர்ந்துதான் ஆக வேண்டும். பாதத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டால் தீர்ந்தது.

மலர்விழி:
இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படித்தவள் என்ற முறையில் ஒரு திருத்தம் மட்டும். “நிமிர்ந்து பிடிக்கும் சாய்மானம்” என்று அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் நேர்குத்தாக உட்கார முயல வேண்டாம். 1960களில் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்து, சாயாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது எனக் கண்டார். 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒருவருக்கு அளவியைப் பொருத்திப் பார்த்தபோதோ, முதுகைச் சாய்த்துத் தளர்ந்து அமர்ந்தால் அழுத்தம் நிற்பதைவிடக் குறைந்தது. எனவே சற்றே பின்னால் சாய விட்டு, நம் அசைவோடு கூடவே வரும் நாற்காலியைத் தேட வேண்டும். எந்த நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.
வளர்மதி, அலுவலகத்தில் உங்களுக்கு இருந்த நாற்காலியையே கேட்டுப் பார்த்தீர்களா? 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தம் நெகிழ்வு வேலை ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்க வழி செய்து, முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. நாற்காலியைப் பற்றி அதில் இல்லை. ஆனால் கேட்பதில் தவறில்லை.

வளர்மதி:
கேட்டேன் அக்கா. அந்த மாடியையே காலி செய்து, தளவாடங்களை மொத்தமாக விற்றுவிட்டார்கள்.
அளவு நாடாவால் அளந்து பார்த்தேன். வெறுங்காலுடன் முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து 38 செ.மீ.; உட்கார்ந்த நிலையில் முழங்கை, இருக்கையிலிருந்து 21 செ.மீ. மேசை அண்ணன் சொன்ன 75தான்.

மரவேலை மாரி, ஜாவி:
இந்த அளவுகளை வைத்துக்கொண்டு பேசுவோம். 75 மேசைக்கு முழங்கை சரியாக வர இருக்கை 54க்கு ஏற வேண்டும். பாதம் 38க்குத்தான் எட்டும். மிச்சம் 16 செ.மீ. பலகை! அவ்வளவு உயரத்தின்மேல் கால் வைத்தவர் நாற்காலியை அரையடி நகர்த்தவும் முடியாது, பக்கத்திலுள்ள கோப்பு ஒன்றை எடுக்கத் திரும்பவும் முடியாது. சக்கரம் வைத்த நாற்காலியை வாங்கி அதைக் கட்டிப்போட்டது போலத்தான். செல்வமணி ஐயாவும் பாலுவும் நாற்காலியிலேயே நிற்கிறீர்கள். கோளாறு இருப்பது மேசையில். நான்கு மரக்கால்களையும் சம அளவு அறுத்து, அடியில் ரப்பர் பொத்தான் அடித்துக் கொடுப்பது எந்தத் தச்சருக்கும் சிறிய வேலை. வீட்டில் தனி எழுதுமேசை ஏதும் கிடக்கிறதா? குறுக்குச் சட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

வளர்மதி:
தம்பி எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்த மர மேசை பின்னறையில் இருக்கிறது. அதுவும் 75. குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் பின்பக்கம் மட்டும் உள்ளது. முன்னால் இழுப்பறை இல்லை.

மரவேலை மாரி, ஜாவி:
13 செ.மீ. தாராளமாக அறுக்கலாம். 62க்கு வந்துவிடும், இருக்கை 41இல் நின்றால் முழங்கை நேராகப் பலகையைத் தொடும், காலுக்கு 3 செ.மீ. மரக்கட்டை போதும்.

செல்வமணி:
மேசையை அறுத்தால் திரையும் கீழே போகும். தோளைக் காப்பாற்றிக் கழுத்தை வளைக்கப் போகிறாரா?

மலர்விழி:
மடிக்கணினியைப் பெட்டியின்மேல் ஏற்றி, தனி விசைப்பலகையும் சுட்டியும் வைத்துக்கொண்டால் போதும் அண்ணன். மேசை எந்த உயரமாக இருந்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும்.

பாலு, சிம்பாங் அம்பாட்:
இப்போது பழைய நாற்காலியின் பலம் தெரியும். இருக்கையை ஏற்றி இறக்கும், நடுவிலுள்ள வாயுத்தண்டு பெரும்பாலான நாற்காலிகளில் ஒரே மாதிரியான கூம்பு முனையில்தான் செருகியிருக்கும். அதைத் தட்டிக் கழற்றிக் குட்டைத் தண்டு ஒன்றைப் பொருத்தினால் 41க்கும் இறங்கும். நசுங்கிய பஞ்சை மோட்டார் சைக்கிள் இருக்கை தைக்கும் கடையில் மாற்றித் தருவார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்தால் வலைத்துணியாகவே பாருங்கள். நெகிழிச் சட்டத்தின் இடுக்குகளைக் கைவிளக்கு அடித்துச் சோதித்துவிட்டு வெயிலில் வைத்துத் துடையுங்கள்.

செல்வமணி:
என் கருத்து மாறவில்லை. உத்தரவாதம் இல்லாத பொருளுக்கு வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைத் தரலாகாது. ஆனாலும் தங்கை அந்த வழியில் போவதென்றால், உட்கார்ந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். முதுகு முழுவதும் சாய்ந்த நிலையில், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அது உயரமானவருக்குச் செய்தது, எவ்வளவு தாழ்த்தினாலும் பொருந்தாது. இருக்கையை மேலே ஏற்றி, சிறிது நேரம் அமர்ந்து, தானாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். கைப்பிடி 62 மேசைக்கு அடியில் நுழையும் உயரத்துக்கு இறங்க வேண்டும். நைலான் சக்கரம் டைல்ஸில் வழுக்கும், கீறும். மென்மையான பாலியூரித்தேன் சக்கரமாக மாற்றும் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்மதி:
நன்றி அண்ணன். சனிக்கிழமை மேசையை மாரி அண்ணனின் பட்டறைக்கு ஏற்றி விடுகிறேன். பாலு அண்ணன், பாயான் லெப்பாஸில் நீங்கள் சொல்லும் கடை ஞாயிறன்று திறந்திருக்குமா?

பாலு, சிம்பாங் அம்பாட்:
மதியம் வரை திறந்திருக்கும். அளவு நாடாவைக் கையோடு கொண்டு வாருங்கள்.