சைட்கார் கோப்புக்குத் தமிழ்ச் சொல்: ‘உடன்கோப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

படத்தின் பக்கத்திலேயே இருந்து அதில் நாம் செய்த திருத்தங்களைக் குறித்துவைக்கும் சின்னக் கோப்புக்கு, அதாவது சைட்காருக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று சென்ற வாரம் கேட்டேன். இத்தனை பேர் பதில் எழுதியதில் மனம் நிறைந்துவிட்டது. நீங்கள் தந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஸ்டூடியோவில் என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் கல்யாணமும் கோயில் திருவிழாவும் படம் எடுப்பவன். பல வருஷம் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில்தான் வேலை. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் பதிப்பு, 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்தது; அதற்குப் பிறகு எல்லாம் சந்தாதான். கல்யாண மாதம் கை நிறையும், மற்ற மாதம் காயும். இந்தத் தொழிலில் மாதாமாதம் கட்டுவது எனக்கு ஒத்துவரவில்லை. டார்க்டேபிளுக்கு மாறினேன். கட்டற்ற மென்பொருள், காசு இல்லை. இப்போது இங்குள்ள இளைஞர்களுக்காக அதற்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதுகிறேன். மூன்றாம் பக்கத்திலேயே இந்தச் சைட்காரில் மாட்டிக்கொண்டேன்.

ரா படத்தை, அதாவது கேமரா பதிவுசெய்தபடியே உள்ள மூலப் படத்தை, இந்த மென்பொருள்கள் தொடுவதே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டினோம், ஓரத்தை வெட்டினோம், மஞ்சளைக் குறைத்தோம் என்பதெல்லாம் வெறும் குறிப்புகள். லைட்ரூம் அவற்றைக் கேட்டலாக் என்ற தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். நாம் சொன்னால்தான் எக்ஸ்எம்பி என்ற தனிக் கோப்பாகவும் எழுதும். டார்க்டேபிள் தன் தரவுத்தளத்தில் எழுதுவதோடு, நாம் கேட்காமலேயே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஓர் எக்ஸ்எம்பியைப் போட்டுவைக்கும். இந்த எக்ஸ்எம்பிதான் சைட்கார். லைட்ரூம் எழுதிய எக்ஸ்எம்பி இருந்தால் நட்சத்திரம், குறிச்சொல், வெட்டிய அளவு போன்றவற்றை டார்க்டேபிள் எடுத்துக்கொள்ளும். நிறம் அப்படியே வராது, அதை மறுபடி உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான்.

இந்தச் சின்னக் கோப்பின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு தைப்பூசத்தில். தண்ணீர்மலை அடிவாரத்தில் இரவெல்லாம் நின்று எடுத்த படங்கள். அதில் பால்குடம் ஏந்திய ஓர் அம்மா. மேலே மஞ்சள் விளக்கு, பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் பச்சைக் குழல்விளக்கு. முகத்தின் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி பச்சை. சேலையின் மஞ்சளும் நெற்றித் திருநீற்றின் வெள்ளையும் உள்ளபடி வர ஒரு மாலைப்பொழுது முழுக்க உட்கார்ந்தேன். அப்புறம் புதுக் கணினி வாங்கினோம். உதவிக்கு இருந்த தம்பி படங்களை மட்டும் ஹார்ட்டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, சில கிலோபைட் அளவில் கிடந்த ‘ஒன்றுமில்லாத’ கோப்புகளை விட்டுவிட்டான். பழைய கணினியையும் துடைத்தாகிவிட்டது, தரவுத்தளமும் அதோடு போயிற்று. புதியதில் திறந்தால் அந்த அம்மாவின் முகம் மறுபடி பாதி மஞ்சள், பாதி பச்சை. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அது என்ன கோப்பு என்று நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே, ‘இதை விட்டுவிட்டுப் போகாதே’ என்று சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் அளவுகோல். அதை வைத்துத்தான் உங்கள் சொற்களைப் பார்த்தேன்.

‘பக்கக்கோப்பு’ என்று கேட்டதும் பிள்ளைகள் புத்தகப் பக்கத்தை நினைத்தார்கள். விண்டோஸில் நினைவகத்துக்குத் துணையாக இருக்கும் ‘பேஜ் ஃபைல்’ என்ற கோப்பையும் அப்படித்தான் சொல்ல வேண்டிவரும். ‘இணைப்புக்கோப்பு’ மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. சைட்கார் என்றாலே மோட்டார்சைக்கிளின் பக்கவண்டிதானே, அதை வைத்தே சொல்லலாம் என்று ஈப்போவிலிருந்து ஓர் ஐயா எழுதியிருந்தார். காலைச் சந்தையில் அப்படி வண்டி கட்டி வியாபாரம் செய்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், படம் கண்ணில் உடனே வருகிறது. ஆனால் ‘பக்கவண்டிக் கோப்பு’ என்றால் வண்டி சம்பந்தமான கோப்பு என்று ஆகிறதே, ஐயா.

‘துணைக்கோப்பு’ அழகான சொல்தான், பாதிப் பேர் அதைத்தான் ஆதரித்திருக்கிறீர்கள். வழித்துணை என்னும்போது அந்தச் சொல்லில் பாசமே இருக்கிறது. ஆனால் துணைத்தலைவர், துணைப்பாடம் என்று பழகிய காதுக்கு, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்றுதான் கேட்கிறது. அந்தத் தம்பியும் அப்படி நினைத்துத்தானே விட்டுவிட்டான்.

நான் வைப்பது ‘உடன்கோப்பு’. உடன்பிறப்பு, உடன்படிக்கை, உடன்கட்டை என்று ஏற்கெனவே வழங்குகிற வார்ப்பு. பிரிக்க முடியாதது என்ற பொருள் அதில் ஊறிக்கிடக்கிறது. டார்க்டேபிள் பெயர் வைக்கும் முறைக்கும் பொருந்துகிறது: டிஎஸ்சி_0412.என்இஎஃப் என்ற படத்துக்கு அது எழுதுவது டிஎஸ்சி_0412.என்இஎஃப்.எக்ஸ்எம்பி. படத்தின் முழுப்பெயரும் அதன் பெயருக்குள் இருக்கிறது.

உடன் என்றால் உடனடி என்று தோன்றாதா என்று ஒருவர் கேட்டார். தனியாக நின்றால் தோன்றும். பெயர்ச்சொல்லோடு ஒட்டி நிற்கும்போது தோன்றுவதில்லை. உடன்பிறப்பை யாரும் உடனடியாகப் பிறந்தவர் என்று நினைப்பதில்லை. ‘உடன்கோப்புடன்’ என்று எழுதினால் நாக்கு தடுக்குகிறது என்று ஓர் அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ‘உடன்கோப்போடு சேர்த்து’ என்று எழுதினால் தடுக்கவில்லை, கையேட்டில் அப்படியே மாற்றிவிட்டேன்.

கோலாலம்பூரில் சர்வர் வேலை பார்க்கும் நண்பர், மென்பொருள்களைக் கலன்களில் (கண்டெய்னர்) இட்டு ஓட்டும் குபர்நெட்டிஸிலும் சைட்கார் உண்டே என்று நினைவூட்டினார். அங்கே ‘உடன்கலன்’ என்று வைத்துக்கொள்ளலாம். திரைப்படத்தோடு வரும் வசனக் கோப்பைக்கூட உடன்கோப்பு என்றே சொல்லலாம்.

மூலப் படத்தைத் தொடாத திருத்தத்துக்கு ‘அழிவற்ற திருத்தம்’ என்று வந்த பரிந்துரையை மட்டும் ஏற்க முடியவில்லை. என் திருத்தம்தான் அழிந்துபோயிற்றே! காக்கப்படுவது மூலம், திருத்தம் இல்லை. ‘மூலங்காக்கும் திருத்தம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், நீளம்தான் உறுத்துகிறது. அதற்கு வேறு மடல் எழுதுகிறேன். ராவை ரா என்றே விட்டுவிடலாம்.

நேற்றுக் காலை பசியாறும்போது அதே தம்பியிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் கேட்டேன்: “படத்துக்கு ஓர் உடன்கோப்பு இருக்கும் என்றால் உனக்கு என்ன தோன்றுகிறது?” ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே, “ரெண்டையும் சேர்த்துத்தான் காப்பி பண்ணணும், அப்படித்தானே அண்ணே?” என்றான்.

கையேட்டில் இப்போது உள்ள வரி: ‘படங்களை வேறு ஹார்ட்டிஸ்க்குக்கு மாற்றும்போது உடன்கோப்புகளோடு சேர்த்தே நகலெடுக்கவும்.’ வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து