அவசரம்: உப்புத் தண்ணீர் தொட்டி, ஒரு க்ளவுன் மீன் செத்துவிட்டது, இன்னொன்று மூச்சு வாங்குகிறது

அம்பத்தூர்_மாடிவீடு | சனி காலை 7:12

வணக்கம். முதல் முறையாக உப்புத் தண்ணீர் தொட்டி வைத்திருக்கிறேன். நன்னீரில் ஆறு வருட அனுபவம் உண்டு, கப்பி, ஏஞ்சல் எல்லாம் வளர்த்திருக்கிறேன். கொளத்தூரில் ஒரு க்ளவுன் ஜோடி வாங்கினேன். இன்று காலை பார்த்தால் ஒன்று செத்துக் கிடக்கிறது. இன்னொன்று மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. உப்பு சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். என்ன மருந்து போடலாம்? பொண்ணு எழுந்திருப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

குளத்தங்கரை | 7:20

தொட்டி எத்தனை அடி? வைத்து எத்தனை நாள் ஆகிறது? மீன் விட்டு எத்தனை நாள்? அம்மோனியா எவ்வளவு? சூடு எவ்வளவு? "உப்பு சரியாக" என்றால் எத்தனை? இது எதுவும் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. அதுவரை காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்றை உடனே போட்டுவிடுங்கள்.

மருந்துப்பெட்டி | 7:24

க்ளவுன் என்றாலே முதல் சந்தேகம் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய்தான். உடம்பில் வெள்ளையாகச் சளி மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஃபார்மலின் குளியல் கொடுங்கள். நாள் கடத்தினால் ஒரே ராத்திரியில் போய்விடும்.

ரீஃப்_ராஜா | 7:41

மாதம் நாலு தடவை இந்தப் பதிவு வருகிறது, ஆள் மட்டும்தான் மாறுகிறார். மேலே ஒட்டி வைத்திருக்கும் "தொட்டி பழுக்க ஆறு வாரம்" என்ற கட்டுரையை நான் யாருக்காக எழுதினேன் என்று தெரியவில்லை. நன்னீரில் ஆறு வருடம் என்பது இங்கே கணக்கில் வராது தம்பி. சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று பஸ்ஸில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

உப்புக்காற்று | 7:48

மே மாசம், சென்னை, மாடி வீடு. இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? சூடுதான். தண்ணீர் சூடாக ஆக ஆக்ஸிஜன் கரைவது குறையும். உப்புத் தண்ணீரில் நன்னீரைவிட இன்னும் குறைவாகத்தான் கரையும். மேலே ஒரு ஃபேன் வையுங்கள், இரண்டு டிகிரியாவது இறங்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இந்த ஊரில் மரைன் வைப்பதே தப்பு.

அம்பத்தூர்_மாடிவீடு | 8:05

2 அடி தொட்டி, 24×12×15. மணலும் பாறையும் போக 60 லிட்டர் வரும். வைத்து 16 நாள். மீன் விட்டு 12 நாள். சூடு 30. ஃபேன் முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. சளி எதுவும் இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல். (தம்பி இல்லை, அக்கா. பரவாயில்லை.)

குளத்தங்கரை | 8:09

அக்கா, அம்மோனியா?

கோவளம்_அலை | 8:15

எந்த உப்பு போட்டீர்கள்? கல் உப்பு இல்லையே? நான் பத்து வருடமாக பாக்கெட் உப்பைத் தொட்டதே இல்லை. கோவளத்தில் படகுக்காரரிடம் சொன்னால் கரையிலிருந்து தள்ளிப் போய் இரண்டு கேன் மொண்டு வந்து தருவார். பஞ்சு வடிகட்டியில் விட்டு, இருட்டில் மூடி ஒரு வாரம் வைத்துவிட்டு ஊற்றுவேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பாக்கெட்டுக்குக் காசு கொடுப்பது ஏன் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

ரீஃப்_ராஜா | 8:22

ஐப்பசி கார்த்திகையில் கூவமும் அடையாறும் கடலுக்குள் என்ன கொண்டுபோய்க் கொட்டுகின்றன என்று பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதங்களில் கரையோரத் தண்ணீரில் உப்பே இறங்கிவிடும். பத்து வருடம் தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம். அதை முறை என்று சொல்லிப் புதியவர்களைக் கெடுக்காதீர்கள்.

கோவளம்_அலை | 8:26

கோவளம் எங்கே, கூவம் எங்கே? வரைபடம் பாருங்கள் ஐயா.

அம்பத்தூர்_மாடிவீடு | 8:40

கல் உப்பு இல்லை, மரைன் சால்ட்தான். உப்பு அளக்கக் கடைக்காரர் கொடுத்த கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டியது. அம்மோனியா கிட் நன்னீருக்கு வாங்கியது இருக்கிறது, இதற்கு வேலை செய்யுமா? பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் நாலாம் நாளே மீன் விடலாம் என்று கடையில் சொன்னார்கள். மூன்று நாள் முன்னால் ஒரு நத்தையும் செத்துவிட்டது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

குளத்தங்கரை | 8:44

சொட்டு மருந்து கிட் என்றால் பெரும்பாலும் இரண்டுக்கும் ஆகும். உப்புத் தண்ணீருக்கான கலர் அட்டை மட்டும் தனி, அதைப் பார்த்து ஒப்பிடுங்கள். செத்த நத்தையை வெளியே எடுத்தீர்களா?

அம்பத்தூர்_மாடிவீடு | 9:02

எடுக்கவில்லை. பாறைக்குப் பின்னால் மணலில் பாதி புதைந்து கிடந்தது. இப்போது எடுத்தேன். ஓடு மட்டும்தான் முழுசாக இருந்தது. அந்த நாற்றத்தில் சமையலறை வரைக்கும் நிற்க முடியவில்லை. அம்மோனியா 0.5-க்கும் 1-க்கும் நடுவில் பச்சை.

ரீஃப்_ராஜா | 9:06

ஆக, நான் சொன்னதுதான். பழுக்காத தொட்டி. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பாறையில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் மூத்திரத்திலேயே நீந்தும். அதிலும் கடல் தண்ணீரின் பி.எச். 8.2. அந்த பி.எச்.சிலும் இந்தச் சூட்டிலும் அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியில் செய்வதைவிடப் பல மடங்கு விஷம். வழக்கு முடிந்தது.

கெமிஸ்ட்ரி_சார் | 9:31

முடியவில்லை சார், எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. அம்மா, நீங்கள் 1.025 பார்த்தது என்றைக்கு? முதல் நாளா, இன்றைக்கா? அப்புறம், ஃபேன் ஓடுவதால் தண்ணீர் தினமும் குறையுமே, அந்தக் குறையை எதை ஊற்றி நிரப்புகிறீர்கள்?

அம்பத்தூர்_மாடிவீடு | 9:50

பார்த்தது முதல் நாள். முதலில் 1.022தான் காட்டியது, இன்னும் கொஞ்சம் உப்பு போட்டு 1.025 கொண்டுவந்தேன். தினமும் அரை லிட்டர், முக்கால் லிட்டர் குறையும். அதே உப்புத் தண்ணீரைக் கலந்து பக்கெட்டில் மூடி வைத்திருக்கிறேன், அதிலிருந்துதான் ஊற்றுகிறேன். வெறும் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைந்துவிடாதா?

உப்புக்காற்று | 9:52

ஐயையோ.

கெமிஸ்ட்ரி_சார் | 10:20

குறையாதும்மா. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பது இதுதானே. போன தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நீங்கள் இரண்டு வாரமாக உப்புத் தண்ணீர் ஊற்றியதில் தோராயமாக 350 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போயிருக்கும். ஃபேன் வேறு ஓடுவதால் அது இன்னும் வேகமாக நடந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர்களில் பல 15.6 டிகிரிக்கு அளவு வைத்தவை. தண்டுக்குள் இருக்கிற தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி குறைவதால் அது குறைவாகவே காட்டும். நீங்கள் முதலில் பார்த்த 1.022தான் சரியான உப்பாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன் மேல் இன்னும் போட்டீர்கள்.

என்னை நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். டிஜிட்டல் தராசில் 37 கிராம் தூள் உப்பு, 963 கிராம் ஆர்.ஓ. தண்ணீர். நன்றாகக் கரைத்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கே கொண்டுவந்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுங்கள். கரைசலின் அடர்த்தி, ஆயிரம் கிராமில் 35 கிராம் உப்புள்ள (ஆயிரத்துக்கு 35) கடல் நீரின் அடர்த்திக்குச் சமம். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் உங்கள் கருவிக்கு "சரி". பிறகு அதே கருவியைத் தொட்டியில் விட்டுப் பாருங்கள்.

(மீன் இருக்கிற தொட்டியில் அந்தக் கரைசலை ஊற்றிவிடாதீர்கள். சமையல் உப்பு சோதனைக்கு மட்டும்.)

முத்துநகர் | 10:34

நடுவில் ஒரு கேள்வி. அக்கா, அந்தப் பாறை என்ன பாறை? வெள்ளையாக, மூளை மாதிரி வளைவு வளைவாகக் கோடு இருக்கிறதா?

அம்பத்தூர்_மாடிவீடு | 10:41

ஆமாம், இரண்டு கல் அப்படித்தான். ராமேஸ்வரம் கல் என்று கடையில் சொன்னார்கள்.

முத்துநகர் | 10:50

அது பவளம் அக்கா. கல் பவளம் எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் குதிரையையும் அப்போதுதான் சேர்த்தார்கள். வைத்திருந்தாலே வழக்கு. அடுத்த தடவை அந்தக் கடைக்காரரிடம் சிமென்டில் செய்த கல்லைக் கேளுங்கள்.

கோவளம்_அலை | 10:53

செத்து, அலையில் ஒதுங்கிக் கிடக்கிற பவளத்துக்குமா? அது வெறும் சுண்ணாம்புக் கல். எங்கள் தாத்தா காலத்தில் அதில்தான் வீடு கட்டினார்கள்.

முத்துநகர் | 11:01

செத்ததுக்கும்தான். தாத்தா காலத்துக் கதையைத்தான் நாங்கள் இப்போது அனுபவிக்கிறோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளம் வெட்டினார்கள். இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. சும்மா போகவில்லை.

ரீஃப்_ராஜா | 11:08

மீனையும் யோசித்து வாங்க வேண்டும். கடலில் பிடித்த க்ளவுனை ஏன் வாங்குகிறீர்கள்? விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எத்தனையோ வருடத்துக்கு முன்பே க்ளவுனைப் பொரிக்க வைத்துக் காட்டிவிட்டன. பண்ணையில் பிறந்த குஞ்சு தொட்டிக்குப் பழகியது, குருணைத் தீவனமும் தின்னும்.

கோவளம்_அலை | 11:12

அம்மா மீன் சாகிறது என்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் சட்டசபை நடத்துகிறீர்கள்.

முத்துநகர் | 11:13

தாத்தா வீட்டை இழுத்தது யார்?

அம்பத்தூர்_மாடிவீடு | 11:47

கெமிஸ்ட்ரி சார், செய்து பார்த்தேன். உங்கள் கரைசலில் 1.022. தொட்டியில் 1.029. தாளில் 15.6 என்று போட்டிருக்கிறது. பொண்ணு எழுந்துவிட்டாள், ஒன்று எங்கே என்று கேட்கிறாள்.

கெமிஸ்ட்ரி_சார் | 11:58

வித்தியாசம் 0.007. அப்படியென்றால் தொட்டியில் ஆயிரத்துக்கு 44 பக்கம் இருக்கிறது. முதுகெலும்பில்லாத உயிருக்கு இது தாங்காது, அதனால்தான் நத்தை முதலில் போனது. அது அழுகி அம்மோனியா ஏறியது. ரீஃப் ராஜா சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. இரண்டும் சேர்ந்து மீனை அழுத்துகின்றன.

ரீஃப்_ராஜா | 12:04

சரி, உப்பைக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. தினமும் 3 லிட்டர் எடுத்துவிட்டு வெறும் ஆர்.ஓ. ஊற்றட்டும். ஐந்து நாளில் 35-க்கு வந்துவிடும்.

கெமிஸ்ட்ரி_சார் | 12:15

கணக்கு சரி. ஆனால் 60 லிட்டரில் 3 லிட்டர் மாற்றினால் அம்மோனியா அப்படியே நிற்கும். இன்றைக்கு 12 லிட்டர் எடுத்துவிட்டு, உங்கள் கருவியில் 1.022 நிற்கிற உப்புத் தண்ணீர் 12 லிட்டர் ஊற்றுங்கள். 44 என்பது 42 ஆகும், அம்மோனியாவும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நாளைக்கும் அதேபோல். மூன்றாம் நாளிலிருந்து ராஜா சொன்ன மாதிரி ஆர்.ஓ. ஒரே நாளில் 35-க்கு இறக்கிவிடாதீர்கள். புதுத் தண்ணீரை ஏர் ஸ்டோன் போட்டுச் சில மணி நேரம் கலக்கவிட்டு, சூடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். தீவனம் இரண்டு நாளைக்கு வேண்டாம். ஃபேன் ஓடட்டும், குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. மட்டும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தெரியும்.

குளத்தங்கரை | 12:19

உங்கள் ஆர்.ஓ. மெஷினில் சுவைக்காகக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிற திருகு இருக்கும், அதை மூடிவிட்டுப் பிடியுங்கள் அக்கா. அம்பத்தூர் போர் தண்ணீர் கலந்தால் பாசிக்குக் கொண்டாட்டம்.

மருந்துப்பெட்டி | 12:40

பாதுகாப்புக்குக் காப்பர் மருந்து கொஞ்சம் போட்டு வைக்கலாமே?

குளத்தங்கரை | 12:42

பாறை இருக்கிற தொட்டியில் காப்பரா? பாறை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கக்கும். அப்புறம் நத்தை, நண்டு எதுவும் வைக்க முடியாது. வேண்டவே வேண்டாம் அக்கா.

உப்புக்காற்று | ஞாயிறு காலை 8:30

அக்கா, மீன் எப்படி இருக்கிறது?

குளத்தங்கரை | செவ்வாய் இரவு 9:15

அக்கா?

அம்பத்தூர்_மாடிவீடு | அடுத்த வாரம் வியாழன் இரவு 10:02

பிழைத்துவிட்டது. தொட்டியில் இப்போது 1.022, அம்மோனியா 0. இன்று காலை பொண்ணு கை காட்டினால் முன்னால் வந்தது. மார்க்கர் கோட்டுக்கு ஆர்.ஓ. ஊற்றுவது அவள் வேலை. எல்லாருக்கும் நன்றி.

முத்துநகர் | 10:20

சந்தோஷம் அக்கா. அந்த இரண்டு கல்லை என்ன செய்தீர்கள்?

மருந்துப்பெட்டி | வெள்ளி காலை 6:50

பிழைத்தது நல்லது. ஆனாலும் அந்த முதல் மீனுக்கு புரூக்ளினெல்லா என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.