மறு: ஃபிஷர், ஃபிஸ்டுலா - நோயாளி கையேட்டுக்குச் சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். சர்ஜரி ஓபில குடுக்குற ஒரு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. பைல்ஸுக்கு மூலம், அதுல சண்டையில்ல. மத்த ரெண்டுக்கும்தான் சொல் இல்ல, வர்றவங்க மூணையும் மூலம்னே சொல்றாங்க. மோஷன் போறப்ப பிளேடால அறுத்த மாதிரி வலிச்சு அப்புறமும் ரொம்ப நேரம் எரிஞ்சா ஃபிஷர், வலியில்லாம ரத்தம் சொட்டுனா பெரும்பாலும் பைல்ஸ், ஆசனவாய்க்குப் பக்கத்துல கட்டி உடைஞ்சு திரும்பத் திரும்ப சீழ் கசிஞ்சா ஃபிஸ்டுலா. ஃபிஷர் நாள்பட்டா ஓரத்துல சின்னதா தோல் வளரும், அது கையில தட்டுப்பட்டதும் மூலம் வெளிய வந்துடுச்சுன்னு கடையில மருந்து வாங்கிப் போட்டுக்கிட்டு மாசக்கணக்குல அவதிப்படுறாங்க.

---

டாக்டர், ஃபிஷருக்கு எருவாய்ப் பிளவு, எருவாய்னா ஆசனவாய்தான். ஆசனம், குதம் ரெண்டும் வடமொழி, நமக்கெதுக்கு? ஃபிஸ்டுலாவுக்கு புரை. புரையோடுன புண்ணுன்னு ஊர்ல சொல்றது இதைத்தான். உள்ள வெறுமையா இருக்குறதுதான் புரை, குறள் 292ல புரைதீர்ந்தன்னு குற்றத்தைச் சொல்றதும் அதே வேர்தான். ஃபிஸ்டுலாவுக்கு வழக்குல சொல்ற பவுத்திரமே பொத்தல்லேர்ந்து திரிஞ்சதுன்னு எனக்குத் தோணுது.

---

ஐயா, பொத்தல் பவுத்திரமாச்சுன்னா நடுவுல ஒரு வடிவமாவது காட்டணும். புரைன்னு போட்டா படிக்கிறவங்க கண்புரைன்னுதான் நினைப்பாங்க. மூலம் பௌத்திரம்னு சுவருக்குச் சுவர் எழுதியிருக்கு, அதையே எடுத்துக்கலாமே.

---

சுவர்ல சேர்த்தே எழுதுறதுதான் சிக்கல். சித்த மருத்துவத்துல யூகி முனிவர் சொல்ற 21 மூலத்துல பவுத்திர மூலமும் ஒண்ணு, அதனால சனங்க ரெண்டையும் ஒண்ணாவே பாக்குறாங்க. மூலம், ஃபிஷர் ஆரம்பத்துலன்னா நார்ச்சத்து, தண்ணி, வெதுவெதுப்பான தண்ணில 10-15 நிமிஷம் உக்கார்றது, களிம்பு, இதுலயே பெரும்பாலும் அடங்கிடும். பவுத்திரம் களிம்புக்கு ஆறாது, அறுவையோ நூல் கட்டுறதோ வேணும். சொல் எதுவானாலும் "இது மூலம் இல்ல"ன்னு பக்கத்துலயே பெரிய எழுத்துல போடுங்க.

---

சரிங்க, பவுத்திரம், ஆசனவாய் வெடிப்புன்னே போடுறேன். கால்ல பித்தவெடிப்பு வராத வீடு இல்ல, வெடிப்புன்னா யாருக்கும் விளக்க வேணாம். காய்ச்சலோட விண்விண்ணுன்னு தெறிச்சா சீழ்க்கட்டி, அன்னிக்கே வரணும்னு ஒரு வரி. கறுப்பா மலம் போனாலோ எடை குறைஞ்சாலோ மூலம்னு நினைச்சு வீட்ல இருக்காதீங்கன்னு இன்னொரு வரி.

---

வெடிப்பு சரி டாக்டர், ஆசனவாய்க்கு நான் ஒத்துக்க மாட்டேன். எருவாய்னு ஒரு இடத்துலயாவது போடுங்க, அச்சுல வராத சொல் எப்பதான் பழகும்?