டெட் டைம்: மடிநேரமா, இடைநேரமா?

கலைச்சொல் குழுவுக்கு வணக்கம். மின்வழங்கி ஆய்வகக் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. ‘துடிப்பகலப் பண்பேற்றம்’ (PWM) வரை சிக்கலில்லை. மின்வழங்கியின் ஸ்விட்சுகளை இயக்கும் டி.எல்.494 சில்லின் 4ஆம் கால் கட்டுப்படுத்தும் டெட் டைமுக்குத்தான் (வெளியீடுகள் கட்டாயம் அணைந்திருக்கும் நேரம்) சொல் வேண்டும். இப்போது ‘இறந்த நேரம்’ என்றிருக்கிறது.
– ச.

இறந்த காலத்துக்குத் தம்பி போலிருக்கிறதே! வினைத்தொகையாக ‘அணைநேரம்’ என்று வையுங்கள்.
– அ.

> அணைநேரம்

அது வேறு, ஐயா. அலையாக்கி 100 கிலோஹெர்ட்ஸ், 13ஆம் கால் 5 வோல்ட்டில் என்றால் வெளியீடுகள் மாறி மாறி வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று 20 மைக்ரோநொடி. அதில் பாதிக்கு மேல் எப்படியும் அணைந்தே இருக்கும். நமக்குப் பெயர் வேண்டியது இரண்டும் சேர்ந்து அணைந்திருக்கும் துண்டுக்கு. 4ஆம் காலைத் தரையில் கட்டினால் அது சுமார் 0.3 மைக்ரோநொடிதான். பழைய பவர் டிரான்சிஸ்டரோ பேஸ் மின்னோட்டம் நின்றபின்னும் 2 மைக்ரோநொடி கடத்தக்கூடும். இரு டிரான்சிஸ்டர்கள் மேலும் கீழுமாக நிற்கும் அரைப்பாலத்தில் (half-bridge) மேலதும் கீழதும் ஒருசேரக் கடத்தினால் 325 வோல்ட்டும் நேரே குறுக்குச்சுற்று. ஃபியூஸுக்கு முன்னால் டிரான்சிஸ்டர் போகும். 4ஆம் காலில் 1 வோல்ட் வைத்தால் ஏறக்குறைய 3 மைக்ரோநொடி கிடைக்கும்.
– ந.

அப்படியானால் ‘இருமுடக்கம்’?
– அ.

13ஆம் காலைத் தரையில் கட்டினால் வெளியீடுகள் இரண்டும் ஒன்றாகவே இயங்கும். ஒற்றை ஸ்விட்ச் மின்வழங்கியில் இந்த நேரம் மின்மாற்றியின் காந்தப்பாயம் வடிவதற்கு. அங்கே ‘இரு’ எங்கே வந்தது?
– ந.

மடிநேரம்! மடிதல் சாவு, மடி சோம்பல். வள்ளுவர் மடியின்மைக்குத் தனி அதிகாரமே வைத்தார். ஒரே வேரில் ‘டெட்’, ‘ஐடில்’ (idle) இரண்டும் அடக்கம். மடங்கு, மடக்கு, மடை என்று வேரைப் பிடித்துப் போனால்…
– கு.

குழுவே மடிந்துவிடும், ஐயா. மடி என்றால் ஆசாரம், தொடக்கூடாது என்று மாணவர்கள் நினைப்பார்கள். 325 வோல்ட்டில் அது நல்லதுதான், ஆனாலும் வேண்டாம். ‘இடைநேரம்’ போதும்.
– ம.

இடைநேரம் எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். பேசாமல் ‘டெட் டைம்’ என்றே விடுங்கள். தரவுத்தாளைப் பார்ப்பவனுக்கு அதுதான் உதவும்.
– ந.

இடைநேரத்துக்கு மூவர். அதையே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் ‘டெட் டைம்’ உடன் வரும். 14க்கும் 4க்கும் இடையே மின்தேக்கி, 4இலிருந்து தரைக்கு மின்தடை வைத்து வெளியீட்டை மெல்ல ஏற்றுகிறோமே, அதற்கு ‘மென்தொடக்கம்’ சரிதானே?
– ச.

சரி. மடிநேரத்துக்கு என் வாக்கு அப்படியே இருக்கட்டும்.
– கு.