கடலோரச் சின்ன டைம்ஷேர் ரிசார்ட்டில் ஒரு வாரம் – உங்கள் அனுபவம் என்ன?

டைம்ஷேர் (ரிசார்ட் அறையை வருடத்தில் ஒரு வாரம் மட்டும் சொந்தமாக வாங்குவது) என்றாலே இலவசச் சாப்பாட்டைக் காட்டி உட்காரவைத்து, கையெழுத்துப் போடும்வரை விடாத விற்பனைக் கூட்டம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். கடலை ஒட்டிய பழைய, சின்ன ரிசார்ட்டுகளில் நிலைமை வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் போனது தெற்கு புளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேலுக்கு வடக்கே இருக்கும் லாடர்டேல்-பை-த-சீ. இரண்டே மாடிக் கட்டடம், படியிறங்கினால் மணல். ஓர் உரிமையாளரிடம் அவருடைய ஜூலை வாரத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அறை பழசுதான். உப்புக்காற்றில் பால்கனிக் கதவு இறுகிக் கிடந்தது, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். ஆனால் முழுச் சமையலறை உண்டு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அது போதும். முதல் நாளே ரசம் கொதித்துவிட்டது.

பக்கத்து யூனிட்டில் மிச்சிகனிலிருந்து வந்த வயதான தம்பதி. வருடத்தின் 28ஆவது வாரம், அதாவது அந்த ஜூலை வாரம், அந்த யூனிட்டில் அவர்களுக்கே சொந்தம். வருடம் தவறாமல் அதே வாரம், அதே அறை. மேல்மாடிக்காரர்களும் அப்படியே என்பதால் எல்லோரும் சொந்தக்காரர்கள் போலப் பழகுகிறார்கள். பெரிய ஹோட்டலில் இது கிடைக்கவே கிடைக்காது.

முதல் நாள் இருட்டியதும் அந்தம்மா கதவைத் தட்டி, கடல் பக்கத் திரையை மூடிவிடச் சொன்னார். அங்கே மார்ச் முதல் அக்டோபர் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையை நோக்கித்தான் ஓடும். அறை விளக்கு எரிந்தால் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் போய்ச் செத்துவிடும். நாங்கள் உடனே எல்லாவற்றையும் அணைத்தோம்.

இன்னொரு நாள் நடுராத்திரி அவரே வந்து எழுப்பினார். பெருந்தலை ஆமை ஒன்று கரையேறியிருந்தது. டார்ச் இல்லை, செல்போன் இல்லை, தூரத்தில் மணலில் உட்கார்ந்தோம். பின்துடுப்புகளால் மாறி மாறி மணலை அள்ளி வெளியே போட்டது. நடுவே ‘புஸ்’ஸென்று ஒரு பெருமூச்சு. அம்மாவுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். “நம்மூர்ல பங்குனி ஆமை தை, மாசியிலயே வந்துரும்டி”ன்னு காதோரம் சொன்னாள். விடிந்து பார்த்தால் டிராக்டர் போன தடம் மாதிரி மணலில் கோடு. கொஞ்ச நேரத்தில் ஆமைக் கணக்கெடுப்புக்காரர்கள் வந்து நான்கு குச்சி நட்டு, நாடா கட்டிவிட்டுப் போனார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று: ஊதாக் கொடி பறந்தால் தண்ணீரில் ஜெல்லிமீன் போன்றவை இருக்கிறது என்று அர்த்தம். இறங்க வேண்டாம்.

ஆர்லாண்டோவிலிருந்து ஓர் உறுப்பினர்:
அக்கா, வாடகைக்கு எடுத்ததுதான் சரி. என் மச்சான் விடுமுறைக்கு வந்த இடத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, வாங்கியே விட்டார். ராத்திரி நாங்கள் கணக்குப் போட்டால், பராமரிப்புக் கட்டணம் தங்கினாலும் தங்காவிட்டாலும் வருடா வருடம் கட்ட வேண்டும், ஏறிக்கொண்டும் போகும். நல்லவேளை, புளோரிடா சட்டப்படி 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். அந்த உரிமையை விட்டுத்தர முடியாது, யார் என்ன எழுதி வாங்கினாலும் சரி. மறுநாளே பதிவுத் தபால் அனுப்பினோம், பணம் திரும்பி வந்தது. வாய்வார்த்தையாகப் போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

டாம்பாவிலிருந்து இன்னோர் உறுப்பினர்:
நாங்கள் விரும்பிப் போய்க்கொண்டிருந்தது ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் இருந்த இதே மாதிரி ஒரு சின்ன ரிசார்ட். 2022 செப்டம்பர் 28 அன்று அடித்த இயன் புயலில் கடல் உள்ளே புகுந்து, கீழ்த்தளம் மொத்தமும் போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகிய குளத்தில் யார் வீட்டுக் கூரையோ கிடந்த படத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுதோம். திரும்பக் கட்டுவதா, நிலத்தை விற்றுப் பங்கு பிரிப்பதா என்று உரிமையாளர்களுக்குள் ஓயாத பேச்சு. ஒரு வாரத்துக்குச் சொந்தக்காரர் என்றாலும் அந்தச் செலவில் அவருக்கும் பங்கு வரும். எனவே கடலோரத்தில் வாங்கியே தீருவேன் என்பவர்கள், காப்பீட்டுப் பத்திரத்தையும் உரிமையாளர் சங்கத்தின் சேமிப்பு நிதிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.