பழைய ரேடியேட்டரை மாற்றினால் குழாய் எட்டுமா?

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்):
70களில் போட்ட ஹீட்டிங்; ரேடியேட்டர் தகடுகளில் சுடுநீர் ஓடி வீட்டைச் சூடாக்கும். முன்னறை ரேடியேட்டர் அடியில் துருப்பிடித்து ஒழுகுகிறது. பழையது 48 அங்குலம், அதாவது 1219 மி.மீ.; புதியது 1200தான் கிடைக்கிறது. குழாய் தரைப்பலகை வழியாக வருகிறது. பலகையை உடைக்க மனைவி விடமாட்டார். வேறு வழி?

பதில்:
பலகையில் கை வைக்காதீர்கள் அண்ணா. வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போட நீட்டிப்புத் துண்டு விற்கிறார்கள், 19 மி.மீ.க்கு அது போதும். ஆனால் ஒற்றைத் தகட்டுக்குப் பதில் இரட்டை வாங்கினால் குழாய் சுவரிலிருந்து இன்னும் தள்ளி நிற்க வேண்டும். அதுதான் தலைவலி. முதலில் அளந்து பாருங்கள்.

இன்னொருவர்:
குழாயும் அங்குல அளவா? உள்விட்டம் அரை அங்குலம் என்றால் 15 மி.மீ. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் (நட்டு முறுக்கி இறுக்கும் இணைப்பு) பிடித்துக்கொள்ளும். முக்கால் அங்குலத்துக்குத் தனி ஆலிவ் (இணைப்புக்குள் குழாயை இறுக்கும் வளையம்) வேண்டும்.

கேட்டவர்:
அரைதான். ஒற்றைத் தகடே வாங்குகிறேன்.

பதில்:
சரி, தண்ணீர் நிரப்பும்போது இன்ஹிபிட்டர் (துருவைத் தடுக்கும் திரவம்) ஊற்றுங்கள். இல்லாவிட்டால் புதியதும் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும்.